உடையாது என்று துரை சொன்ன சாமான்

அந்தச் சாமான் ஆயுசுக்கும் உடையாது என்று துரை சொன்னார். பங்களாவின் பின்விறாந்தையில் நின்று, என் அண்ணனின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, குசினிக் கதவருகே தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதை ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

ருவான்வெல்லையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் தோட்டம். தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்த பிறகு மேனேஜராக வந்தவர் இந்தத் துரை. கொழும்புக்காரர். எங்களிடம் அரைகுறைத் தமிழும், கிளார்க்கிடம் சிங்களமும், டெலிபோனில் இங்கிலீஷும் பேசுவார். நான் அவருடைய குசினியில் வேலை செய்தேன். அண்ணன் தோட்டத்துக் காவல்காரர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில், நாங்கள் இரண்டு பேர்தான். இருவருக்கும் அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

அந்த வருஷம் பழைய மரங்களை வெட்டிவிட்டு ஒரு மலை முழுக்கப் புதிதாக ரப்பர் கன்று வைத்திருந்தார்கள். முள்ளம்பன்றிகள் வந்து கன்றின் அடிப்பட்டையைச் சுற்றிக் கடித்து உரித்துவிடும். காட்டுப்பன்றிகள் வேரோடு கிளறிப் போடும். கன்று செத்தால் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் துரை. தோட்டத்தில் லைசன்ஸ் உள்ள வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. ஆனால் யுத்த காலம். கடைத் தோட்டா லேசில் கிடைக்காது, கேட்டாலும் ஆயிரம் விசாரணை. அதனால் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வைத்து, மறுபடி நிரப்பிப் பாவித்தார்கள். அதற்கான வெடிமருந்தும் மற்றதும் எங்கிருந்து வந்தன என்பது துரைக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும்தான் தெரியும். நிரப்புகிற வேலையை அண்ணன் தலையில் கட்டியிருந்தார்கள். பங்களா ஸ்டோர் ரூமில், பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் அதைச் செய்வார். ஒளிவு மறைவு எதுவும் கிடையாது.

தோட்டாவின் அடியில் கேப் என்று ஒரு சின்ன உலோகப் பொட்டு இருக்கும். துவக்கின் ஊசி அதில் அடித்தால்தான் தோட்டா வெடிக்கும். பழைய கூட்டில் புதுக் கேப்பை நேராக அமுக்கி உட்காரவைக்க ஒரு சாமான் வேண்டும். அதைத்தான் நாங்கள் அமுக்கி என்போம். வெள்ளைக்காரன் காலத்து அமுக்கி ஒன்று ஸ்டோரில் இருந்தது. மேசையோடு சேர்த்து முடுக்கிய இரும்பு. கறுத்துப்போய், பார்க்க அவலட்சணமாக இருக்கும். எத்தனையோ துரைமார் வந்து போனார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி வந்ததும் ஸ்டோரில் கிடந்த பழைய இரும்பையெல்லாம் லொறியில் ஏற்றி விற்றார்கள். அந்த அமுக்கியும் அதோடு போயிற்று.

அதற்குப் பதிலாகத்தான் துரை இந்தப் புதியதை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தார். இது கையில் பிடித்து அமுக்குகிற வகை. வெள்ளி மாதிரி மினுமினுக்கும் உடம்பு. கேப்புகளைப் போட்டு வைக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு. விரல்களால் இழுக்க ஒரு பிடி. அண்ணன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ரொம்ப லேசா இருக்குங்களே தொரை."

"லேசா இருக்கிறதுதான் நல்லது. ஒங்களுக்கு எல்லாமே மம்பட்டி மாதிரி பாரமா இருக்கணும்," என்று துரை சிரித்தார். "ஆயுசுக்கும் ஒடையாது. பெட்டியிலயே எழுதியிருக்கு."

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் பிடியை உடம்போடு சேர்க்கிற ஆணி ஆட ஆரம்பித்தது. ஆணி இருந்த துளை தேய்ந்து அகலமாகிவிட்டது. கேப் கோணலாக உட்காருகிறது என்று அண்ணன் துரையிடம் சொன்னார். "நீ ஒழுங்கா புடி," என்று பதில் வந்தது. அண்ணன் கம்பியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு வேலை செய்தார். ஒருநாள் அவர் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே பிடி வளைவில் படக்கென்று முறிந்தது. முறிந்த விளிம்பு அவருடைய உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கேப் வெடிக்காமல் போனது எங்கள் நல்ல காலம். நான் குசினியிலிருந்து ஓடிப்போய்த் துணியை வைத்துக் கட்டினேன். சத்தம் கேட்டு வந்த துரை தரையில் கிடந்த இரத்தத்தைப் பார்க்கவில்லை. முறிந்த துண்டைத்தான் எடுத்துப் பார்த்தார்.

"எருமை மாதிரி அமுக்குனா எதுதான் ஒடையாது?"

அண்ணன் கட்டின கையோடு தரையில் சிதறிய கேப்புகளைப் பொறுக்கினார். எனக்குத்தான் வாய் துருதுருத்தது. அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

ரப்பர் சீட் ஏற்றிப் போகிற தோட்டத்து லொறியில் அண்ணனை ஏற்றி, ருவான்வெல்லைப் பஜாரில் இருந்த லேத் கடைக்கு அனுப்பினார் துரை. அந்தக் கடைக்காரரை எல்லோரும் லேத் பாஸ் என்பார்கள். சிங்களவர், நடு வயது, பேச்சு குறைவு. அவர் முறிந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மேக்க யகட நெவெய், மல்லி," என்றாராம். தம்பி, இது இரும்பே இல்லை, ஒட்ட முடியாது என்று அர்த்தம். ஒட்டுவதற்குப் பதிலாக இரும்புத் தகட்டில் புதுப் பிடி ஒன்று வெட்டி மாட்டிக் கொடுத்தார். பிடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில மாதத்தில் அந்தப் பிடியின் பலத்தைத் தாங்க முடியாமல் மினுமினுப்பான உடம்பு விரிசல் விட்டுவிட்டது.

இந்த முறை துரை கத்தினார். பழையதை விற்றது யார், லேசானதை வாங்கியது யார் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். நான் பக்கத்தில் நின்று முட்டை பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"இத கொண்டுபோயி ஒடம்பையும் இரும்புல செஞ்சு தரச் சொல்லு. பழைய கூடு ஒன்னும் எடுத்துட்டுப் போ. அளவு பாக்க வேணும்."

"லொறி கராஜில கெடக்குங்க தொரை."

"பஸ்ஸில போ."

அண்ணன் தயங்கி நின்றார். ரோட்டில் சோதனைச்சாவடிகள் இருந்த காலம். எங்கள் ஆட்களை பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சோற்றுப் பொட்டலத்தைக்கூட அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள்.

"துவக்குச் சாமானுங்க தொரை. துண்டு ஒன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"ஒரு ஒடஞ்ச சாமானுக்கு எதுக்கு துண்டு? கேட்டா தோட்டத்துச் சாமான்னு சொல்லு. தொரை அனுப்புனாருன்னு சொல்லு. நான் இங்கதானே இருக்கேன்."

நான் இங்கதானே இருக்கேன். அப்படியே சொன்னார். முட்டைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன்.

அன்று மதியம் பங்களாவின் பின்பக்கமாக ஓடிவந்தது, பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களுக்குப் பலாக்காயும் கீரையும் கொண்டுவருகிற சிங்கள அக்கா. கூடை இல்லாமல் வந்தாள். மூச்சு வாங்கியது.

"நங்கி, அய்யாவ பஸ் எக்கென் பெஸ்ஸுவா," என்றாள்.

தங்கச்சி, அண்ணனை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்கிறாள். அவளும் அதே பஸ்ஸில் இருந்திருக்கிறாள். பாலத்துச் சோதனைச்சாவடியில் நிறுத்தி அண்ணனின் பையைத் திறந்தார்களாம். பேப்பரில் சுற்றியிருந்த அமுக்கி வந்தது. அடுத்தது தோட்டாக் கூடு. அதற்குப் பிறகு அண்ணன் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. முழங்காலில் உட்காரவைத்து, அவருடைய சட்டையாலேயே கையைப் பின்னால் கட்டி, ஜீப்பில் ஏற்றினார்களாம். பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவன் கொட்டியா, புலி, என்று கத்தினானாம். இதைச் சொல்லும்போது அந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அடுப்பை அணைக்காமல் முன்பக்கம் ஓடினேன். வேலைக்காரர் யாரும் போகாத வழியாக, முன் ஹோலுக்குள் நுழைந்து துரை முன்னால் நின்று சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அப்போதுகூட அண்ணனுக்காகத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன். டெலிபோனை எடுத்து யாருடனோ இங்கிலீஷில் பேசினார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். முழுவதும் விளங்காவிட்டாலும், தனக்குத் தெரியாது என்று சொன்னது விளங்கியது. ஸ்டோரிலிருந்து திருடியிருப்பான் என்று சொன்னதும் விளங்கியது.

டெலிபோனை வைத்ததும் கேட்டேன்.

"தொரை, நீங்கதானே அனுப்புனீங்க?"

"நீ குசினிக்குப் போ."

"களவுன்னு சொல்றீங்களே. முட்டை வச்சிக்கிட்டு நான் பக்கத்துல நின்னேனே!"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "கேளு. நான்தான் அனுப்பினேன்னு சொன்னா, தோட்டா நிரப்ப ஆரு பெர்மிட் குடுத்தாங்கன்னு கேப்பாங்க. கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பும். ஒங்க அண்ணன் கொஞ்ச நாள் உள்ள இருக்கட்டும். நான் பெரிய ஆளுங்களோட பேசி வெளிய எடுக்கிறேன்."

தன் வேலை போகக் கூடாது என்பதற்காக ஒரு மனிதனை உள்ளே விட்டுவைக்கிறேன் என்று அந்த மனிதனின் தங்கையிடமே சொல்கிறார். அதையும் ஏதோ உதவி செய்கிறவர் மாதிரி சொல்கிறார். யுத்தம் நடக்கிற நாட்டில் ஒரு தமிழனைத் தோட்டாவோடு பிடித்தால் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இன்றைக்கும் எனக்கு அதுதான் தாங்க முடியாதது.

யூனியன் தலைவரிடம் போனேன். லயத்தில் எங்கள் காம்பராவுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். அண்ணன் மேல் பாசம் உள்ளவர்தான். தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது சாதாரண வெசயம் இல்லம்மா. துவக்கு, தோட்டான்னு வந்திருச்சு. நாங்க வாயத் தொறந்தா தோட்டத்தையே சுத்தி வளைப்பாங்க. தொரையையும் இப்ப பகைச்சுக்க ஏலாது."

"அப்ப எங்கண்ணன் அடிபட்டுச் சாகட்டும்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்வேனாம்மா?"

அப்படிச் சொல்லவில்லை. வேறு ஒன்றும் செய்யவும் இல்லை.

அடுத்த நாள் விசாரணைக்கு ஒரு பொலிஸ் அதிகாரி பங்களாவுக்கு வந்தார். துரை அவரை முன் ஹோலில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் நல்ல கோப்பைகளை எடுத்து, கேக் வெட்டி வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். துரை சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: நல்லவன் என்று நம்பித்தான் ஸ்டோர்ச் சாவியைக் கொடுத்தேன், இப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் என் முன்னாலேயே சொன்னார். நான் வாயைத் திறப்பேன் என்று அவர் கனவிலும் எண்ணவில்லை.

தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "மஹத்தயா, அய்யாவ யெவ்வே மே மஹத்தயா," என்று துரையைக் கை நீட்டிக் காட்டினேன். ஐயா, அண்ணனை அனுப்பியது இவர்தான்.

அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். துரை சிரித்தார். "தங்கச்சிக்காரி, அப்படித்தானே சொல்லுவாள்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில், "போ," என்றார். நான் போகவில்லை. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் துரை சொன்னதையெல்லாம், அண்ணன் துண்டு கேட்டதையும், அவர் கொடுக்காததையும், மூச்சு விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி யோசித்தார். பிறகு, ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடு என்று எழுந்தார். கேக்கை அவர் தொடவில்லை என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று சாயந்திரத்துக்குள் எனக்குக் குசினி வேலை இல்லை. மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களத்தில் என்னைப் புல் வெட்டுகிற கூட்டத்தோடு நிற்கவைத்தார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனேன். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எழுதியவர் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினார். அண்ணனைப் பார்க்க விடவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்றுகூடச் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக லேத் பாஸின் கடைக்குப் போனேன். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. நடந்ததைச் சொன்னதும் அவர் மெஷினை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தார். அவருக்கும் பயம் இருந்திருக்கும். துவக்குச் சாமானுக்குப் பிடி செய்து கொடுத்தவர் அவர். தானும் மாட்டிக்கொள்ளலாம். இருந்தும் கடையைச் சாத்திவிட்டு, "யமு நங்கி," என்று முன்னால் நடந்தார். போகலாம் தங்கச்சி என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் அவர் சொன்னது இதுதான்: இந்தச் சாமானை இந்த மனிதன் ஏற்கெனவே ஒரு தடவை தோட்டத்து லொறியில் வந்து, பகிரங்கமாக, துரை அனுப்பினார் என்று சொல்லித் தந்தான். நான்தான் திருத்திக் கொடுத்தேன். இரண்டாம் தடவையும் அதற்காகத்தான் வந்திருப்பான். நானும் இதைத்தானே சொன்னேன்! நான் சொல்லும்போது கொட்டாவி விட்ட அதே ஆள், அவர் பேசும்போது நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார். நாற்காலி போட்டார். அந்த மனிதருக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அதே உண்மை அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் உண்மையாயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொதிக்கிறது. இரண்டும் சேர்ந்தேதான் மனதில் கிடக்கின்றன.

பாஸ் தனக்குத் தெரிந்த ஒரு லோயரையும் பிடித்துத் தந்தார். அந்த லோயர் மூலமாகத்தான் அண்ணனை வேறு ஊர்ச் சிறையில், மறியலில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மழை கொட்டுகிற ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்து நின்றார். மெலிந்து, தாடி வளர்ந்திருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன.

"கைக்கு என்னாச்சுண்ணே?"

"ஒன்னுமில்ல. நீ சாப்பிட்டியா?"

"என்னாச்சுன்னு கேக்குறேன்ல!"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இடது கையால் வலையைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்து சொன்னார். முதல் நாளே அமுக்கியை அவர் முன்னால் வைத்து, தோட்டா செய்து காட்டு என்றார்களாம். அது உடைந்தது, வேலை செய்யாது என்று சொல்லியிருக்கிறார். செய்துகாட்டு என்று மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள். கையில் எடுத்து அமுக்கியிருக்கிறார். விரிசல் விட்ட உடம்பு இரண்டாகப் பிரிந்து கழன்றது. வேண்டுமென்றே எங்கள் முன்னால் உடைக்கிறாயா, தடயத்தை அழிக்கிறாயா என்று அந்தக் கையை மேசையில் வைத்து அடித்தார்களாம்.

"எத்தன தோட்டா செஞ்ச, எந்தப் பக்கம் அனுப்புனன்னு கேட்டுக்கிட்டே அடிச்சாங்க. முள்ளம்பன்னிக்குன்னு சொன்னேன். சிரிச்சாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. துரை வாங்கிய மட்டமான சாமான். துரை அனுப்பிய வேலை. அது உடைந்ததற்கு என் அண்ணனின் விரல்கள். காவலில் நின்றவன் நேரம் முடிந்தது என்று கத்தினான்.

"தொரை வந்து பேசினாரா?" என்று அண்ணன் அவசரமாகக் கேட்டார். அப்போதும் அவர் துரையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். களவு என்று துரை சொன்னதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அண்ணன் வலையைப் பிடித்திருந்த இடது கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகுதான் அவரை விட்டார்கள். கோர்ட்டில் லோயர் பாஸின் வாக்குமூலத்தை வாசித்தார். அதற்குப் பிறகு துரையைக் கூப்பிட்டனுப்பினார்கள். வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டேன், தோட்டத்து வேலையாகத்தான் போயிருக்க வேண்டும் என்று சொன்னார். பிழையாக விளங்கிக்கொண்டாராம்! யாரும் அவரை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அனுமதி இல்லாமல் தோட்டா நிரப்பியது பற்றிய பேச்சே எழவில்லை. அவர் காரில் ஏறிப் போனார். நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம்.

அன்றே கோர்ட்டுக் கிளார்க் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டு, பிடிபட்ட சாமானைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். தோட்டாக் கூட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அமுக்கியின் துண்டுகள் மட்டும் ஒரு பழுப்புக் காகிதப் பையில் இருந்தன. அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். உன்னிடமிருந்து எடுத்தது, உன்னிடம்தான் தர வேண்டும் என்றார் கிளார்க். நான் வாங்கிக்கொண்டேன்.

தோட்டத்துக்கு வந்ததும் அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு பங்களாவுக்குப் போனேன். மறுபடியும் முன்வாசல் வழியாகத்தான். துரை பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். பையைக் கவிழ்த்து அவருடைய கண்ணாடி மேசையில் கொட்டினேன். இரும்புப் பிடி விழுந்த சத்தத்தில் அவர் துள்ளி எழுந்தார்.

"ஒங்க சாமான். எண்ணிப் பாத்துக்கங்க. களவு போயிறப் போகுது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார். "புதுசு ஒன்னு சொல்லியிருக்கேன். இது நல்லது. அண்ணன் ரெண்டு நாள் லீவு எடுத்துட்டு வரட்டும். வேற ஆளுக்கு அந்த வேலை தெரியாது."

நான் அவரையே பார்த்தேன். அந்த முகத்தில் கள்ளம்கூட இல்லை. நிஜமாகவே அண்ணன் வந்து மறுபடி அந்த ஸ்டோர் ரூமில் உட்காருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் கைய வந்து பாருங்க," என்று கத்தினேன். "லயத்துக்கு எறங்கி வந்து பாருங்க. சோத்த அள்ளித் திங்க ஏலல அந்த மனுசனுக்கு."

லயத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். துரை வந்து பார்க்கவில்லை.

அண்ணனே மறுநாள் பங்களாவுக்குப் போனார். நான் தடுத்தும் கேட்கவில்லை. வேலைக்குத்தான் போகிறார் என்று நினைத்து எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது, பின்னாலேயே போனேன். அவர் விறாந்தைப் படியில் ஏறாமல் கீழே நின்றார். துரை வெளியே வந்ததும், "இனிமே துவக்கு வேல செய்ய மாட்டேன் தொரை. இந்தத் தோட்டத்துல வேற வேலையும் வேணாம்," என்றார். அதைச் சொல்லிவிட்டு, கும்பிடாமல் திரும்பினார். அதுவரை துரைமாருக்குக் கும்பிடு போடாமல் அவர் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

அந்தக் கை சரியாகவே இல்லை. இரண்டு விரல் மடங்காது. ரப்பர் பால் வெட்டுக் கத்தியைக்கூடப் பிடிக்க முடியாது. பாஸ் அவரைத் தன் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கடையைத் திறப்பது, இரும்பைத் தேடி எடுத்துக் கொடுப்பது, வருகிறவர்களிடம் பேசுவது என்று இடது கையால் முடிந்ததைச் செய்தார். போகப் போக மெஷினும் பழகிக்கொண்டார். பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் நாங்கள் குடியேறினோம். துரைக்கு எஹலியகொடப் பக்கம் பெரிய தோட்டமாகக் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். பதவி உயர்வுதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். விடுதலை என்று கோர்ட்டில் சொன்னார்களே தவிர, அண்ணனின் பேர் ஸ்டேஷனில் அப்படியே இருந்தது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் ஜீப் எங்கள் வாசலில் நிற்கும். எங்கே இருந்தாய், யார் வந்தார்கள், யார் போனார்கள். சில தடவை அரை நாளில் விட்டுவிடுவார்கள். சில தடவை நாள் கணக்கில் வைத்திருப்பார்கள். பாஸ் போய் நிற்பார். வயதாகி அவரால் நடக்க முடியாமல் போன பிறகு அவருடைய மகள் போய் நின்றாள். சமாதானம் என்று சொன்ன காலத்தில் கொஞ்சம் ஓய்ந்தது. அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நடந்தது; அண்ணனும் எங்களோடேயே இருந்தார். பிறகு மறுபடியும் ஜீப் வந்தது. அண்ணனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பொலிஸ் தேடி வருகிற வீடு என்றார்கள்.

2009இல் யுத்தம் முடிந்தது என்று பஜார் முழுக்கப் பட்டாசு வெடித்தார்கள். ரோட்டில் மேசை போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். அண்ணன் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு வாழையிலையில் பாற்சோறு கொண்டுவந்து நீட்டி, இனி உங்களுக்கும் கரைச்சல் இல்லைதானே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணன் வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் பொலிஸிலிருந்து ஆள் வந்தது. விபரங்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். அண்ணன் பழக்கமானவர் போல எழுந்து, கழுவி வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தான் போட அந்தக் கை ஒத்துழைக்காது என்பதால் நான் போட்டுவிட்டேன்.

"நீ எதுக்கு வர்ற? வீட்டுல புள்ளைங்க இருக்குல்ல," என்றார்.

"நான் வாறேன்."

"கோவப்பட்டு ஏதும் பேசிறாத தங்கச்சி."

"பேசுவேன்."

ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. அண்ணனைப் பிடித்த காலத்தில் அவன் பள்ளிக்கூடம் போயிருக்கவே மாட்டான். பைலைப் புரட்டிக்கொண்டு, நிமிராமலே, "பெண் ஆள் வெளியே இரு," என்று சிங்களத்தில் சொன்னான். நான் ஒரு நாற்காலியை இழுத்து அண்ணனுக்குப் போட்டேன். இன்னொன்றை இழுத்து நானும் உட்கார்ந்தேன்.